கையால் தொடங்கினால் ஓடும், ரீபூட்டில் மட்டும் படுத்துவிடும் சர்வீஸ்

லினக்ஸ் சர்வரை ரீபூட் செய்தால் ஒரே ஒரு சர்வீஸ் மட்டும் எழுந்திருக்காது, உள்ளே நுழைந்து அதையே கையால் ஸ்டார்ட் செய்தால் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். இப்படி நடந்தால் அந்த சர்வீஸின் கான்ஃபிக் ஃபைலைக் குடைவதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். நீங்கள் கையால் தொடங்கும் நேரத்தில் அதற்கு வேண்டிய டேட்டாபேஸ், நெட்வொர்க் எல்லாம் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கின்றன. பூட் ஆகும்போது அப்படி இல்லை. அதனால் பார்க்க வேண்டியது, எது எந்த வரிசையில் தொடங்குகிறது என்பதைத்தான்.

பூட் ஆகும்போது சர்வீஸ்களைத் தொடங்கிவைக்கும் புரோகிராம் இனிட். அதன் பழைய சிஸ்டம் ஃபைவ் முறையில் ஒவ்வொரு ரன்லெவலுக்கும், அதாவது சிஸ்டம் ஓடும் நிலைக்கும், ஒரு டைரக்டரி இருக்கும். ரெட் ஹாட் வகை லினக்ஸ்களில் 3 என்றால் டெக்ஸ்ட் நிலை, 5 என்றால் கிராஃபிக்ஸ். டெபியனில் 2 முதல் 5 வரை இயல்பாக எல்லாம் ஒன்றுதான். டைரக்டரிக்குள் எஸ், கே என்ற எழுத்தோடும் ஓர் எண்ணோடும் தொடங்கும் லிங்க்குகள். கே வகை முதலில் நிறுத்தும், அப்புறம் எஸ் வகை எண் வரிசைப்படி தொடங்கும். ரெட் ஹாட்டில் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் எண் 64, அப்பாச்சி வெப் சர்வரின் எண் 85, அதனால் டேட்டாபேஸ் முந்திக்கொள்ளும். ஆனால் ரன்லெவல் 5-க்கு மட்டும் டேட்டாபேஸ் லிங்க்கைப் போட்டுவிட்டு 3-இல் விட்டுவிட்டால், 3-இல் பூட் ஆகும்போது அப்பாச்சி தனியாக எழுந்து நிற்கும், பின்னால் யாரும் இல்லை. எந்த ரன்லெவலில் எந்த சர்வீஸ் தொடங்கும் என்று காட்டும் 'செக்கான்ஃபிக்' கட்டளையின் பட்டியலை முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

பலரும் ரீபூட் செய்யாமலே ரன்லெவல் 5-இலிருந்து 3-க்கு 'டெல்இனிட்' கட்டளை கொடுத்து மாறிப் பார்த்து, சரி, எல்லாம் ஓடுகிறதே என்று திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அது சோதனையே இல்லை. ஏற்கனவே ஓடும் சர்வீஸை இனிட் மறுபடி தொடங்காது. ரெட் ஹாட்டில் அதற்கு அடையாளம் சப்சிஸ் டைரக்டரியில் உள்ள ஒரு லாக் ஃபைல் (பூட்டுக் கோப்பு). சொந்தமாக எழுதிய ஸ்கிரிப்ட் அந்தக் கோப்பை உருவாக்க மறந்தால், ஷட்டவுனில் அதன் கே லிங்க் கூப்பிடப்படவே மாட்டாது, டேட்டாபேஸ் முறையாக மூடப்படாமலே கொல்லப்படும். முழு ரீபூட் ஒன்றுதான் நம்பகமான சோதனை.

பழைய இனிட்டுக்குப் பதிலாக 2010-இல் வந்த சிஸ்டம்டியில் ரன்லெவலின் இடத்தில் டார்கெட்டுகள் இருக்கும். ரன்லெவல் 2, 3, 4 மூன்றும் மல்டியூசர் டார்கெட்டுக்கு, 5 கிராஃபிக்கல் டார்கெட்டுக்கு மறுபெயர்கள். இங்கே ஒவ்வொரு சர்வீஸையும் எப்படித் தொடங்குவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் யூனிட் ஃபைலில் அதிகம் குழப்புவது இரண்டு வரிகள். 'ரிக்வயர்ஸ்' என்றால் "அதையும் கூடவே தொடங்கு", அவ்வளவுதான், முன்பின் வரிசை அதில் கிடையாது. இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பும். 'ஆஃப்டர்' என்றால் "இருவரும் கிளம்புவதாக இருந்தால் அது முதலில்", அதைக் கிளப்பும் பொறுப்பு இதற்கு இல்லை. பெரும்பாலும் இரண்டு வரியும் சேர்ந்தே வேண்டும்.

அதற்குப் பிறகும் விழுந்தால் டேட்டாபேஸின் யூனிட் ஃபைலில் 'டைப்' வரியைப் பாருங்கள். 'சிம்பிள்' என்றிருந்தால் புராசஸ் உருவான உடனேயே சிஸ்டம்டி அடுத்ததற்குப் போய்விடும், டேட்டாபேஸ் இணைப்புகளை ஏற்கத் தயாரா என்று காத்திருக்காது. அந்த புரோகிராம் 'நோட்டிஃபை' முறையை ஆதரித்தால் அதற்கு மாற்றுங்கள், தயாரானதும் அதுவே சொல்லும். நெட்வொர்க்கிலும் இதே கதைதான்: ஐபி முகவரி கிடைத்த பிறகே ஓட வேண்டிய சர்வீஸுக்கு நெட்வொர்க் டார்கெட் போதாது, நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட் வேண்டும்.

எதுவும் பிடிபடவில்லையா? சிஸ்டம்டியின் பதிவுகளைக் காட்டும் 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையில், இந்த முறை பூட் ஆனபோது எழுதிய பதிவுகளை எடுத்து ஆர்டரிங் சைக்கிள் என்ற சொல்லைத் தேடுங்கள். அ-வுக்கு ஆ முந்த வேண்டும், ஆ-வுக்கு அ முந்த வேண்டும் என்று வட்டமாகிவிட்டால், சிஸ்டம்டி அதில் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு பூட் ஆவதைத் தொடரும். தூக்கிப் போட்டது யாரை என்பதும் அங்கேயே பெயரோடு எழுதியிருக்கும்.