செவ்வாய் ஏன் பின்னால் போகிறது?

வானியல் பக்கம் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் எட்டுக் கோள்களின் பெயர்களையும் விட்டங்களையும் மனப்பாடம் செய்வதில் ஆரம்பிக்கிறார்கள். தப்பில்லை, ஆனால் சீக்கிரமே அலுத்துவிடும். என்னைக் கேட்டால், செவ்வாய் ஒன்றை மட்டும் சில மாதங்கள் விடாமல் கவனித்தாலே சூரியக் குடும்பத்தின் அமைப்பு பிடிபட்டுவிடும்.

பூமி தன்னைத்தானே சுற்றுவதால் செவ்வாயும் விண்மீன்களைப் போலக் கிழக்கே உதித்து மேற்கே மறைகிறது. அதை விட்டுவிடுங்கள். பின்னணியில் இருக்கும் விண்மீன்களுக்கு நடுவே அது எங்கே நிற்கிறது என்று வாரம் ஒருமுறை குறித்துவந்தால், கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே நகர்வது தெரியும். ஆனால் சுமார் 26 மாதங்களுக்கு ஒருமுறை அந்த நகர்வு தளர்ந்து, நின்று, மேற்கே திரும்பிவிடும்! இரண்டு, இரண்டரை மாதம் பின்னால் போய், மறுபடி நின்று, பழைய திசையிலேயே கிளம்பும்.

பூமிதான் நடுவில் என்று நம்பிய காலத்தில் இது பெரிய தலைவலி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி என்ற வானியலாளர், ஒவ்வொரு கோளும் ஒரு சிறு வட்டத்தில் சுற்ற, அந்தச் சிறு வட்டத்தின் மையம் பெரிய வட்டத்தில் சுற்றுவதாகக் கணக்குப் போட்டார். கணக்கு ஓரளவு பலித்தது என்பதால் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அதுவே நிலைத்தது.

1543இல் வெளிவந்த தன் நூலில் வானியலாளர் கோபர்நிக்கஸ் சூரியனை நடுவில் வைத்தார். பூமி வினாடிக்கு சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் உள்வட்டத்தில் ஓடுகிறது. செவ்வாய் 24 கிலோமீட்டர் வேகத்தில் வெளிவட்டத்தில். நாம் அதை முந்தும்போது, பக்கத்துத் தண்டவாளத்தில் மெதுவாகப் போகும் ரயில் பின்னால் போவதாகத் தோன்றுமே, அதே கதைதான். செவ்வாய் திரும்புவதே இல்லை. நாம் பார்க்கும் கோணம்தான் மாறுகிறது. நாம் ஒரு சுற்று முடிக்க 365 நாள், அதற்கு 687 நாள். நாம் ஒரு சுற்று முடிப்பதற்குள் அது பாதிச் சுற்றுக்கு மேல் போயிருக்கும். துரத்திப் பிடிக்க மொத்தம் 780 நாளாகிறது. அதுதான் அந்த 26 மாதம். வியாழனும் சனியும் இதைவிட மெதுவாக நகர்வதால், ஓராண்டுக்குச் சற்று அதிகமான இடைவெளியிலேயே அவற்றை முந்திவிடுகிறோம்.

இத்தனைக்கும் கோபர்நிக்கஸின் கணக்கும் துல்லியமாக இல்லை, காரணம் அவரும் வட்டங்களை விடவில்லை. பின்னால் வந்த டைகோ பிராகி என்ற வானியலாளர் வெறும் கண்ணால் எடுத்துவைத்த அளவுகளை வைத்துக்கொண்டு, கெப்ளர் என்ற இன்னொரு வானியலாளர் செவ்வாயோடு மல்லுக்கட்டினார். அவர் முதலில் போட்ட கணக்குக்கும் அந்த அளவுகளுக்கும் இடையே முழுநிலவின் அகலத்தில் கால்வாசி அளவுக்குத்தான் பிசகு. சரி, போகட்டும் என்று இன்னொருவர் விட்டிருப்பார். அவர் விடவில்லை. பாதை நீள்வட்டம் என்று 1609இல் அறிவித்தார்.

இதை நீங்களே பார்க்க 2027 நல்ல வாய்ப்பு. பிப்ரவரி 19 அன்று சூரியனுக்கு நேர் எதிரே செவ்வாய் வருகிறது. அன்று இரவு முழுவதும் தெரியும். சிம்மத்தில், மகம் விண்மீனுக்கு அருகே, மின்னாமல் நின்று எரியும் செந்நிறப் புள்ளி அதுதான். அந்தப் பக்கத்திலேயே இன்னும் பிரகாசமாக இருப்பது வியாழன், குழம்ப வேண்டாம். தொலைநோக்கி தேவையில்லை. ஜனவரி தொடக்கத்திலேயே சிம்மத்தின் விண்மீன்களை ஒரு தாளில் வரைந்துகொண்டு, ஏப்ரல் கடைசி வரை வாரம் ஒரு புள்ளி வையுங்கள்.