என்.சி.பி. ப்ரொடெக்ட் போட்டாச்சே, அப்புறம் ஏன் சார் பிரீமியம் ஏறியது?

கார் இன்ஷூரன்ஸ் விற்பது என் வேலை. இந்த மாதமும் ஒருவர் ஃபோனில் திட்டித் தீர்த்துவிட்டார். பல வருஷம் க்ளெய்மே போடாமல் 50 சதவீத நோ க்ளெய்ம் போனஸ் (என்.சி.பி., அதாவது க்ளெய்ம் போடாத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) சேர்த்து வைத்திருந்தவர், க்ளெய்ம் போட்டாலும் அது போகாமல் காப்பாற்ற, தனியாகப் பணம் கட்டிச் சேர்க்கும் என்.சி.பி. ப்ரொடெக்ட் ஆட்-ஆனும் வாங்கியிருந்தார். வேளச்சேரி சிக்னலில் பின்னால் வந்த வேன் இடித்து டிக்கி கதவு நசுங்கியது, க்ளெய்ம் கிடைத்தது, எல்லாம் சுபம். ரெனியூவல் நேரத்தில் வேறு கம்பெனியில் ஆயிரத்துச் சொச்சம் குறைவாகக் காட்டியதும், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஆன்லைனில் மாறிவிட்டார். "சென்ற ஆண்டு க்ளெய்ம் உண்டா?" என்ற கேள்விக்கு, ப்ரொடெக்ட்தான் இருக்கிறதே என்ற தைரியத்தில் 'இல்லை' என்று டிக் அடித்திருக்கிறார். புதுக் கம்பெனி பழைய கம்பெனியிடம் விசாரித்துவிட்டு, போனஸாகக் கழித்த பணத்தைத் திரும்பக் கட்டச் சொல்லியிருக்கிறது. திட்டு எனக்கு.

அந்த ஆட்-ஆன் உங்களுக்கும் அந்தக் கம்பெனிக்கும் நடுவே உள்ள ஏற்பாடு. அதே கம்பெனியில், குறித்த காலத்துக்குள் ரெனியூவல் செய்தால்தான் செல்லும் என்று பெரும்பாலான பாலிசிகளில் எழுதியே இருக்கும். எதிர்க்கடைக்காரன் ஏன் அதை மதிக்கப் போகிறான்?

ஆனால் என்னை அதிகம் படுத்துவது இது இல்லை. "ப்ரொடெக்ட் போட்டால் பிரீமியம் ஏறாது" என்ற நம்பிக்கைதான். எத்தனை தடவை சொன்னாலும் திரும்ப அதையே கேட்கிறார்கள், அதனால் நிதானமாகவே சொல்கிறேன். அது காப்பாற்றுவது தள்ளுபடியின் சதவீதத்தை மட்டும். தள்ளுபடிக்கு முந்தைய விலையை அது தொடவே தொடாது. உங்கள் வண்டியின் ஓ.டி. பிரீமியம், அதாவது உங்கள் காரின் சேதத்துக்கான பகுதி, போனஸ் கழிப்பதற்கு முன் 12,000 என்று வையுங்கள். 50 சதவீதம் போக 6,000 கட்டினீர்கள். க்ளெய்முக்குப் பிறகு கம்பெனி அந்த 12,000த்தை 14,000 ஆக்கினால், உங்கள் 50 சதவீதம் பத்திரமாகவே இருக்கிறது, நீங்கள் கட்டுவது மட்டும் 7,000. ஏமாற்று இல்லை, வாங்கிய பொருள் அவ்வளவுதான். அப்புறம் தேர்ட் பார்ட்டி பிரீமியத்துக்கும், அதாவது உங்கள் காரால் மற்றவர்களுக்கு வரும் பாதிப்புக்கான பகுதிக்கும், போனஸுக்கும் சம்பந்தமே கிடையாது. அது அரசு நிர்ணயிக்கும் தொகை, 1000 சி.சி.க்கு மேல் 1500 சி.சி. வரையிலான காருக்கு 2022 ஜூனில் 3,416 ரூபாய் என்று வைத்தார்கள். போனஸைக் காட்டி அதில் ஒரு பைசா குறைக்க முடியாது. மொத்த பில்லில் பாதி குறையும் என்று கணக்குப் போட்டு வருகிறவர்களுக்கு இதைச் சொன்னால் நான் ஏதோ கையாடல் செய்த மாதிரி பார்ப்பார்கள்.

சரி, வாங்கலாமா வேண்டாமா? எனக்கு இதில் கமிஷன் உண்டு, அதையும் மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

போனஸ் முதல் ஆண்டு 20, பிறகு 25, 35, 45, ஐந்தாவது ஆண்டில் 50 என்று ஏறும். ஒரே ஒரு ஓ.டி. க்ளெய்ம், நேரே பூஜ்யம். மேலே சொன்ன 12,000 ரூபாய் வண்டியில் 50 சதவீதம் போனால், அடுத்த ஆண்டு 6,000 கூடுதல், அதற்கடுத்து 3,600, 3,000, 1,800, 600 என்று, பழைய இடத்துக்கு வந்து சேர்வதற்குள் 15,000 ரூபாய் போய்விடும், மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. ஐ.டி.வி., அதாவது பாலிசியில் உங்கள் வண்டிக்குப் போடும் மதிப்பு, வருஷா வருஷம் இறங்குவதால் நடைமுறையில் இது கொஞ்சம் குறையலாம். உங்களுக்கு வந்த கொட்டேஷனில் ஆட்-ஆன் விலை 1,200 என்றால், பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு க்ளெய்மாவது வரும் ஆளுக்குக் கட்டுப்படியாகும். சென்னை டிராஃபிக்கில் தினமும் ஓட்டுபவர், டிரைவர் வைத்திருப்பவர், பையன் இப்போதுதான் லைசென்ஸ் எடுத்த வீடு, இவர்களெல்லாம் யோசிக்காமல் போடலாம். விலை 3,000 என்று வந்தால் நான் போட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் எடுக்கும் எட்டு வருஷத்து வண்டிக்கு எந்த விலையிலும் வேண்டாம்.

முதல் கார், முதல் பாலிசி, போனஸே இல்லாதவருக்கும் ஷோரூமில் "ஃபுல் பேக்கேஜ்" என்று இதைச் சேர்த்துத் தருகிறார்கள். காப்பாற்ற அங்கே என்ன இருக்கிறது? அதே ஷோரூமில், பழைய காரை விற்றுவிட்டு அதன் 50 சதவீதத்தைப் புதுக் காருக்கு மாற்றிக்கொண்டு வருபவருக்கு இது உண்மையிலேயே தேவை. புது வண்டியில் ஓ.டி. பிரீமியமும் பெரிசு, இழப்பும் பெரிசு. அவரிடம் யாரும் சொல்வதில்லை.

வாங்கியவர்களுக்கு ஒரு கெஞ்சல். ப்ரொடெக்ட் இருக்கிறதே என்று கீறலுக்கெல்லாம் க்ளெய்ம் போடாதீர்கள். வருஷத்துக்கு ஒன்று அல்லது இரண்டு க்ளெய்ம்தான் பெரும்பாலும் அனுமதி. "முன் பம்பர், பின் கதவு எல்லாத்தையும் சேர்த்து க்ளெய்ம்ல போட்டுடலாம் சார்" என்று சர்வீஸ் அட்வைசர் தாராளமாகச் சொல்வார், பெயின்டிங் வேலை அவருக்குத்தானே. சேதத்தைப் பார்த்து மதிப்பிடும் சர்வேயர் வந்து, கதவுக் கீறலில் துரு ஏறியிருக்கிறது, பம்பர் உடைசல் புதிசு, இது இரண்டு சம்பவம் என்று எழுதிவிட்டுப் போவார். இரண்டு சம்பவம் என்றால் இரண்டு க்ளெய்ம், ஒவ்வொன்றுக்கும் நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய கட்டாயப் பிடித்தம் தனி, 1500 சி.சி. வரை ஆயிரம், அதற்கு மேல் இரண்டாயிரம். ஆட்-ஆன் இல்லாதவர்கள் இன்னும் கவனம். நாலாயிரம் ரூபாய் டிங்கரிங்குக்கு மேலே சொன்ன பதினைந்தாயிரத்தைத் தொலைத்தவர்கள் என் ஃபைலிலேயே இருக்கிறார்கள்.

மழைக்காலத்தில் கேட்கும் இன்னொன்று: எஞ்சினுக்குள் தண்ணீர் போனதற்கும் இந்த ஆட்-ஆனுக்கும் தொடர்பில்லை, அதற்கு எஞ்சின் ப்ரொடெக்ட் தனியாக வேண்டும். வண்டியை வேளச்சேரி மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துகிறவர்கள் விவரமானவர்கள்.

ஆட்-ஆன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் போனஸ் மொத்தமும் காலி. காரை விற்கும்போது போனஸ் வண்டியோடு போகாது, அது உங்களுடையது. பழைய பாலிசியைக் கைவிடுவதற்கு முன் கம்பெனியிடம் என்.சி.பி. சான்றிதழ் கேட்டு வாங்குங்கள், மூன்று வருஷம் வரை செல்லும். வண்டியை விற்று முடித்து, ஆர்.சி. மாற்றி, ஆறு மாதம் கழித்து வந்து இதைக் கேட்காதீர்கள். விற்கும் வாரத்திலேயே கேளுங்கள்.