ஸ்கேன் கருவி: பழுதுகாட்டியா, குறிவாசிப்பானா?

“ஸ்கேன் எடுத்தீர்களா?” என்று திருகோணமலையில் யாராவது கேட்டால் முன்பெல்லாம் அது ஆஸ்பத்திரிக் கதை. இப்போது அதே கேள்வி கண்டி வீதிக் கராஜ் வாசலிலும் கேட்கிறது. வினைச்சொல்தான் சற்று மாறுகிறது: ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிறார்கள், கராஜில் ஸ்கேன் பண்ணுகிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்கள் மீண்டும் வரத் தொடங்க 2025 ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் கையிலிருந்த காரையே இழுத்துப் பிடித்து ஓட்டவேண்டியிருந்தது. காரில் செருகினால் அதன் கணினி சொல்வதைக் கைபேசியில் காட்டும், சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும், உள்ளங்கைக்குள் அடங்கும் புளூடூத் கருவி பலர் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் இப்படித்தான்.

சொல் பரவிய வேகத்தில் பொருள் கலங்கிவிட்டது. கருவி செய்யும் வேலை ஒன்று, அதைக் கையில் வைத்திருப்பவர் செய்யவேண்டிய வேலை வேறொன்று. இரண்டையும் ‘ஸ்கேன்’ விழுங்கிவிடுகிறது. தமிழ்ச்சொல் தேடப் புறப்படுகிறவர் முதலில் இவை இரண்டையும் பிரித்தாகவேண்டும் என்பது என் கட்சி.

ஸ்கேன் என்பதன் மூலம் இலத்தீன் மொழியின் ‘ஸ்கந்தெரே’. ஏறுதல் என்று பொருள். பிற்கால இலத்தீனில் செய்யுள் அடியைச் சீர் சீராகப் பிரித்து ஓசை பார்ப்பதற்கும் அது வழங்கியது. ஆங்கிலத்துக்குள் நுழைந்ததும் இந்தச் செய்யுட் பொருளோடுதான். ஒவ்வொன்றாக உற்று நோக்குதல் என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டில் வந்தது. மேலோட்டமாகக் கண்ணை ஓட்டுதல் என்ற நேரெதிர்ப் பொருளும், கற்றையொன்றால் வரி வரியாகத் துழாவுதல் என்ற தொழில்நுட்பப் பொருளும் 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு.

அந்தச் செய்யுட் பொருளுக்குத் தமிழில் பழைய சொல்லே இருக்கிறது: அலகிடுதல். உயர்தரத்தில் தமிழ் படித்தவர்கள் வெண்பாவை அலகிட்டு வாய்பாடு எழுதிய பாட்டை மறந்திருக்கமாட்டார்கள். நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா. கணினித் தமிழிலோ ஸ்கேனருக்கு ‘வருடி’ என்ற சொல் நிலைபெற்றுவிட்டது. தாளின்மேல் ஒளி வருடிக்கொண்டு போவதால் அங்கே அது அழகாகப் பொருந்துகிறது. காரில் எதுவும் எதையும் வருடுவதில்லை. செருகியதும் கருவி காரின் கணினியிடம் கேள்வி அனுப்புகிறது, கணினி பதில் அனுப்புகிறது, அவ்வளவுதான். ஆகவே ‘கார் வருடி’ வேண்டாம். காரைத் தடவிக்கொடுப்பதுபோல ஒலிப்பது வேறு.

கருவி செருகப்படும் ஏற்பாட்டுக்கு ஓ.பி.டி. என்று பெயர், விரித்தால் ஆன் போர்ட் டயக்னோஸ்டிக்ஸ். துறைமுக நகரத்தாருக்கு முன்பாதி அந்நியமல்ல. ‘போர்ட்’ என்பது பழைய ஆங்கிலத்தில் பலகை, கப்பலின் பக்கம். கப்பலில் ஏறியிருப்பதைச் சொன்ன தொடர் பிறகு விமானத்துக்கும் காருக்கும் குடிபெயர்ந்தது. பின்பாதி கிரேக்கம்: ‘தியா’ என்றால் ஊடே, வேறாக, ‘ஞோசிஸ்’ என்றால் அறிதல். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிவது. மருத்துவர்கள் நெடுங்காலம் சொந்தமாக வைத்திருந்த சொல்லை இயந்திரக்காரர்கள் இரவல் வாங்கினார்கள். ஓ.பி.டி.யை ‘உள்ளமை பழுதுநாடல்’ எனலாம். ‘நாடல்’ ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த ஏற்பாடு காரோட்டிக்கு உதவி செய்யப் பிறந்ததல்ல. புகைமாசால் திணறிய கலிபோர்னியா மாநிலம், 1988ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலிருந்து, புகையைக் கட்டுப்படுத்தும் பாகங்கள் பழுதானால் அதைக் காரே அறிவிக்கவேண்டும் என்று விதித்தது. நிறுவனத்துக்கு நிறுவனம் செருகியும் மொழியும் வேறுபட்ட குழப்பத்தை இரண்டாம் பதிப்பு தீர்த்தது. 1996 மாதிரியிலிருந்து அமெரிக்காவில் விற்பனையாகும் எல்லாக் கார்களுக்கும் அது கட்டாயமானது. ஐரோப்பா பெற்றோல் கார்களுக்கு 2001இல் பின்தொடர்ந்தது. டாஷ்போர்டில் மஞ்சளாக எரியும் ‘செக் எஞ்சின்’ விளக்கு அடிப்படையில் புகைக் காவலன். வெளியேறும் மாசு விதித்த அளவின் ஒன்றரை மடங்கைத் தாண்டும் நிலை வந்தால் எரியவேண்டும் என்பதே அமெரிக்க விதியின் பொதுவான அளவுகோல். தேய்ந்த பிரேக் கட்டையைப் பற்றியோ, மூதூர் வீதிக் குழியில் விழுந்து தளர்ந்த சஸ்பென்ஷனைப் பற்றியோ அதற்குக் கவலையில்லை. “ஸ்கேனில் ஒன்றும் இல்லை, கார் நல்ல கார்” என்று விற்க வருகிறவரிடம் இதை நினைவில் வைத்துப் பேசவேண்டும்.

இனிக் குறி. கருவி காட்டும் ‘கோட்’ ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்டது. கோட் என்பதன் வேர் இலத்தீன் ‘கோடெக்ஸ்’: மரத்தண்டு, மரப்பலகையில் எழுதிய ஏடு, பிறகு சட்டத் தொகுப்பு. நம் நாட்டுச் சட்டத்தமிழ் அதைத் தண்டனைச் சட்டக்கோவை என்று ‘கோவை’ ஆக்கியது. தபால்தமிழ் ‘குறியீடு’ ஆக்கியது, திருகோணமலைக்கு 31000. காரில் நிற்பது இந்த இரண்டாவது பொருள்.

அலகிட்டுப் பார்க்கலாம். பி0301 என்று எடுத்துக்கொள்வோம். முதலெழுத்து எந்தப் பகுதி என்று சொல்கிறது: எஞ்சினும் கியரும், உடற்பகுதி, அடிச்சட்டகம், கணினிகளுக்கிடையிலான தொடர்பு என நான்கு வகை. இங்கே தமிழெழுத்து ஒரு சங்கடம் செய்கிறது. முதல் இரண்டு வகைக்கும் ஆங்கிலத்தில் வெவ்வேறு எழுத்து. தமிழில் எழுதினால் இரண்டும் ‘பி’. இந்தக் கட்டுரையில் வரும் பி எல்லாம் எஞ்சின் பிதான். அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறி. 1 என்றால் அந்த நிறுவனத்துக்கே உரியது, அதன் பொருளை இணையத்தில் தேடும்போது காரின் பெயரையும் சேர்த்துத் தேடவேண்டும். மூன்றாவதாக நிற்கும் 3 பற்றவைப்பு அல்லது மிஸ்பயர். அதே இடத்தில் 1 என்றால் எரிபொருளும் காற்றும். 4 என்றால் மாசுக் கட்டுப்பாடு. 7 என்றால் கியர்ப்பெட்டி. கடைசி 01, முதலாம் சிலிண்டர். ஆகமொத்தம்: முதலாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை. ஏன் எரியவில்லை? பிளக்காக இருக்கலாம், கொயிலாக, இன்ஜெக்டராக, வால்வாக இருக்கலாம். அதுபற்றிக் குறி வாய் திறப்பதில்லை.

உவர்மலையில் எனக்குத் தெரிந்த ஓர் ஐயா இருக்கிறார். ஓய்வுபெற்றவர், 1500 சி.சி. ஜப்பான் கார். ஒருநாள் வழியில் மறித்தார்.

“தம்பி, காற்று அளக்கிற சென்சர் போய்விட்டதாம். மாற்றச் சொல்லிவிட்டது.”

“யார் சொன்னது, ஐயா?”

“ஸ்கேன்தான் சொன்னது!”

திரையைப் பார்த்தபோது பி0113. அதன் முழுப்பெயரைத் தமிழாக்கினால் ‘உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலைச் சென்சர்ச் சுற்று: மின்னழுத்தம் அதிகம்’. ஐயா சென்சர் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார், சுற்று என்ற சொல்லை விட்டுவிட்டார். சுற்று என்பது சென்சர் மட்டுமல்ல. வயர், இணைப்பான், நிலத்தொடுப்பு, மறுமுனையிலுள்ள கணினி எல்லாம் சேர்ந்தது. செயலியில் நேரடித் தரவுப் பக்கத்தைத் திறந்து காற்றின் வெப்பநிலையைப் பார்க்கச் சொன்னேன். −40 பாகை. செல்சியஸா பாரன்ஹைட்டா என்று கேட்கவேண்டிய தேவைகூட இல்லை, இரண்டிலும் அந்த இடத்தில் ஒரே எண்தான். கன்னியா வெந்நீரூற்றுக்குப் பக்கத்து ஊரில் அந்தக் குளிர் எங்கிருந்து வந்தது?

இவ்வகைச் சென்சர் குளிரக் குளிர மின்தடை கூடும் இயல்புள்ளது. வயர் எங்காவது அறுந்தால் தடை எல்லையின்றி உயரும். கணினி அதை உறைகுளிர் என்று வாசிக்கும். −40 என்பது பெரும்பாலும் ‘எனக்கு ஒன்றும் கேட்கவில்லை’ என்பதற்குக் கணினி வைத்திருக்கும் மொழி. காற்று வடிகட்டிப் பெட்டிக்கு அருகிலிருந்த இணைப்பானைக் கழற்றினோம். ஐந்து ஊசிகளில் ஒன்று பச்சை பூத்திருந்தது. உப்புக்காற்று ஊரில் செம்பு படும் பாடு. மின்தொடுப்புத் துப்புரவாக்கியை அடித்து, பல்துலக்கும் பழைய தூரிகையால் தேய்த்து, திரும்பச் செருகியதும் திரையில் 36. சென்சருக்கு ஒரு குறையும் இல்லை. புதிதாக வாங்கியிருந்தால் செலவு கருவியின் விலையைப் பல மடங்கு தாண்டியிருக்கும். கழற்றிச் செருகிய உராய்வில் ஊசி சில வாரம் தொட்டுக்கொண்டிருக்கும், பிறகு அதே குறி வந்திருக்கும்.

இதனால்தான் கருவிக்குப் ‘பழுதுகாட்டி’ என்று பெயரிடுவதை நான் ஏற்கவில்லை. அது பழுதைக் காட்டவில்லை. பழுது விட்டுச்சென்ற குறியை வாசித்தது. நம் வைத்தியத் தமிழ் இதில் கறாரானது: நோய் வேறு, நோய்முதல் வேறு, குணங்குறி வேறு. டெங்கு பற்றிய சுகாதார அறிவித்தலில் காய்ச்சலைக் குணங்குறி என்கிறார்கள், காய்ச்சலே டெங்கு என்று யாரும் சொல்வதில்லை. கார் விஷயத்தில் மட்டும் குறியையே நோயாக எடுத்துக்கொண்டு உதிரிப்பாகக் கடைக்கு ஓடுகிறோம்.

கருவிக்குக் ‘குறிவாசிப்பான்’ போதும். கணினிப் பாடத்தில் வாசிப்பான் என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை. ‘குறிசொல்லி’ என்று குறுக்கலாமே என்றார் ஒரு நண்பர். குறி சொல்வது வேறு தொழில். சிலர் இந்தக் கருவியை வைத்துக்கொண்டு செய்வதும் அதுதான் என்பதால் சொல்லைக் கெடுக்காமல் விடுவோம். கோட் என்பதற்குப் ‘பழுதுக்குறி’. மனிதர் செய்யும் வேலைக்குப் ‘பழுதுநாடல்’. நாடுதல் என்றால் தேடிச்செல்லுதல், ஆராய்தல். நாடி பிடித்துப் பார்க்கிறோமே, அந்த நாடி வடமொழியிலிருந்து வந்த வேறு சொல். ஒலி ஒத்துப்போவது தற்செயல். ‘நோயறிதல்’ போலப் ‘பழுதறிதல்’ என்றும் வைக்கலாம், ஆனால் அறிதல் முடிந்துபோன காரியம் போலத் தொனிக்கிறது. நாடல் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

‘பழுதுபார்த்தல்’ என்ற சொல்லை இதற்குப் பயன்படுத்த முடியாது. பார்த்தல் என்றாலும் அது திருத்துதலையே குறிக்கும். அதைவிடப் பெரிய குழப்பம் ‘அழித்தல்’ என்ற பொத்தானில் இருக்கிறது. குறியை அழித்தால் விளக்கு அணையும், பழுது அப்படியே இருக்கும். குறி விழுந்த வேளையில் வேகம், எஞ்சின் சூடு, சுமை எவ்வளவு என்று கணினி பிடித்து வைத்த பதிவும் சேர்ந்து அழிந்துபோகும். ‘உறைபதிவு’ என்று அதைச் சொல்லலாம். துப்பில்லாமல் போன பின்பு நாடுவதற்கு என்ன இருக்கிறது? முதலில் எழுதி வைத்துக்கொள்ளவேண்டும், அல்லது திரையைப் படம் பிடித்துக்கொள்ளவேண்டும்.

விளக்கு நிலையாக எரிந்தால் வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்க்கலாம், வெப்பமானியும் எண்ணெய் விளக்கும் ஒழுங்காக இருந்தால். சிமிட்டினால் கதை வேறு. எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள் போய், புகையின் மாசைக் குறைக்கும் ஊக்கி மாற்றியைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஓரங்கட்ட வேண்டியதுதான், கந்தளாய் வரை இழுத்துக்கொண்டு போகலாம் என்ற கணக்கு அங்கே எடுபடாது.

மலிவுக் கருவிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. பெரும்பாலானவற்றின் மேல் எல்ம் 327 என்று எழுதியிருக்கும். கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய மொழிபெயர்ப்புச் சில்லின் பெயர் அது. சந்தையில் உலவுபவை அதன் போலிகள். 1.5 என்று பதிப்பு எண் காட்டுபவை பல. அப்படியொரு பதிப்பை அந்த நிறுவனம் வெளியிடவே இல்லை. போலியானாலும் எஞ்சின் குறிகளை வாசிக்க அநேகமாகப் போதும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் ஏ.பி.எஸ்., எயர்பேக் ஆகியவற்றின் குறிகளை எதிர்பார்க்கவேண்டாம். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்து, ரீகண்டிஷனாக இங்கே வந்த பழைய கார்களில் 16 துளைச் செருகி ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே அப்படியே இருக்கும். கருவியின் விளக்கும் எரியும். ஆனால் இணைப்பு ஏற்படாமல் போகலாம். செருகி ஒன்று, உள்ளே பேசும் மொழி வேறு. இன்னொன்று: அந்தச் செருகியின் 16ஆம் துளைக்குப் பற்றரியிலிருந்து எப்போதும் மின் வந்துகொண்டேயிருக்கும். வேலை முடிந்ததும் கருவியைக் கழற்றி வைக்காவிட்டால் ஒரு வாரம் நிற்கும் கார் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.

கராஜில் இந்தச் சொற்களை எடுத்த எடுப்பில் பயன்படுத்தினால் மெக்கானிக் ஒருமாதிரிப் பார்ப்பார், உண்மைதான். “ஸ்கேன் பண்ணினேன், சென்சர் போய்விட்டது” என்பதற்குப் பதிலாக, “பி0113 என்று ஒரு பழுதுக்குறி வாசித்தேன், அண்ணை, காற்று வெப்பநிலை −40 காட்டுகிறது, வயரை ஒருக்கால் பாருங்கள்” என்று சொன்னால் அவர் சென்சர்ப் பெட்டியைத் திறக்குமுன் வயரைத்தான் பிடித்துப் பார்ப்பார்.