செல்லுக்குள் விழுந்தது எண்தானா?

இணையப் பக்கத்தில் இருக்கும் அட்டவணையின் கோடும் நிறமும் நமக்குத்தான் தெரியும். அதை எக்செல், கூகுள் ஷீட்ஸ் போன்ற விரிதாளுக்குள் இழுக்கும்போது விரிதாள் படிப்பது, பக்கத்துக்கு அடியில் இருக்கும் எச்டிஎம்எல் உரையை, அதாவது பக்கம் எழுதப்பட்ட குறிமொழியை. அங்கே அட்டவணை ‘டேபிள்’ என்ற குறியில் தொடங்குகிறது. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு ‘டிஆர்’, அதற்குள் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ‘டிடி’. கூகுள் ஷீட்ஸின் இம்போர்ட்எச்டிஎம்எல் ஃபார்முலாவுக்குப் பக்க முகவரியையும் எத்தனையாவது டேபிள் வேண்டும் என்பதையும் கொடுத்தால் போதும். கூகுளின் சர்வர் அந்தப் பக்கத்தை எடுத்து, குறிகளைப் பார்த்து விரிதாளின் கட்டங்களில், அதாவது செல்களில், நிரப்பிவிடும். எக்செலில் இந்த வேலை, வெளியிலிருந்து தரவை எடுத்துவரும் பவர் குவெரி என்ற கருவியுடையது.

சில சமயம் பிரவுசரில் பளிச்சென்று தெரியும் அட்டவணை, ஷீட்டுக்கு வரவே வராது. சர்வர் வெறும் கூட்டை மட்டும் அனுப்ப, பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் பிறகு வந்து எண்களை நிரப்பும் பக்கங்கள் இப்படித்தான். இம்போர்ட்எச்டிஎம்எல் அந்த ஜாவாஸ்கிரிப்டை ஓட்டிப் பார்ப்பதில்லை. பிழைச் செய்தியாவது வருகிறதே, அந்த மட்டில் நல்லது. பக்கத்தில் யாராவது மேலே இன்னொரு டேபிளைச் செருகிவிட்டால், சத்தமே இல்லாமல் வேறு அட்டவணை வந்து உட்கார்ந்துவிடும். அதுதான் ஆபத்து.

ஆனால் பெரிய வம்பு, தரவு வந்து இறங்கிய பிறகுதான். டிடிக்குள் இருப்பது எல்லாமே வெறும் எழுத்து. இது எண், இது தேதி என்று எச்டிஎம்எல் சொல்வதில்லை. விரிதாள் தானே ஊகிக்கிறது. 03/04/2024 என்பது ஏப்ரல் 3 ஆவதும் மார்ச் 4 ஆவதும் உங்கள் வட்டார அமைப்பைப் பொறுத்தது. 0042 என்ற குறியீடு 42 ஆகச் சுருங்கும். எக்செல் 15 இலக்கங்கள் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும் என்பதால், 16 இலக்க எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்ஜியமாகிவிடும்.

மரபணு ஆய்வாளர்கள் இதில் நிறையவே அடிபட்டார்கள். ‘மார்ச்1’ என்ற மரபணுப் பெயரை எக்செல் மார்ச் முதல் தேதி என்று எடுத்துக்கொண்டது. தேதியை அது எண்ணாகவே சேமிப்பதால், 2020-இல் அப்படி மாறிய செல்லை மறுபடி ‘டெக்ஸ்ட்’ ஆக்கினால் கிடைப்பது 43891. பழைய பெயர் போனது போனதுதான். கடைசியில், மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020-இல் பெயரையே ‘மார்ச்எஃப்1’ என்று மாற்றிக்கொண்டது. மென்பொருளுக்காக மரபணு பெயர் மாறியது! இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதியை எக்செல் 2023-இல்தான் தந்தது.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு: எண் போலவே தெரியும், கூட்டினால் பூஜ்ஜியம். இணையப் பக்கங்களில் வரி உடையாமல் இருக்க ஒரு தனி வகை இடைவெளியை வைப்பார்கள்; அதன் குறியெண் 160. எண்ணோடு அது ஒட்டிக்கொண்டு வந்தால் செல் எழுத்தாகிவிடும், கூட்டும் சம் ஃபார்முலா அதைக் கண்டுகொள்ளாது. தேவையற்ற இடைவெளியை எடுக்கும் டிரிம் ஃபார்முலா நீக்குவது சாதாரண இடைவெளியைத்தான். இதை, ஓர் எழுத்துக்குப் பதில் இன்னொன்றை வைக்கும் சப்ஸ்டிட்யூட் ஃபார்முலா போட்டே எடுக்க வேண்டும்.

பவர் குவெரியில் ஒரு வசதி: ஊகிக்கும் வேலை ‘சேஞ்ச்ட் டைப்’ என்று தனிப் படியாகப் பட்டியலில் நிற்கும். அதை நீக்கினால் பக்கத்தில் இருந்த எழுத்து அப்படியே திரும்பக் கிடைக்கும். எந்த நெடுவரிசை எண், எது தேதி என்பதை அதன்பின் நீங்களே குறிக்கலாம்.