டிசி தரலைன்னா பிள்ளையை வீட்ல உக்கார வைக்காதீங்க

ஜூன்ல ஸ்கூல் தொறந்தா வருசா வருசம் இதே கதைதான். பிரைவேட் ஸ்கூல்ல ரெண்டாவதோ மூணாவதோ படிக்கிற பிள்ளை, வீட்ல வருமானம் அடிபட்டிருக்கும், சரி பக்கத்து யூனியன் ஸ்கூல்ல சேர்த்துடலாம்னு முடிவு பண்ணியிருப்பாங்க, ஆனா பழைய ஸ்கூல்ல பாக்கி கட்டுனாதான் டிசிங்கிறாங்க, புது ஸ்கூல்ல டிசி இல்லாம எப்படிம்மா சேர்க்கிறதுங்கிறாங்க, நடுவுல பிள்ளை வீட்ல டிவி பாத்துட்டு இருக்கு. பெத்தவங்க டிசிக்காக அலையுறாங்க. அந்த அலைச்சலை முதல்ல நிறுத்துங்க. பிள்ளையைச் சேருங்க, டிசி அப்புறம்.

சட்டத்தைச் சுருக்கமா சொல்லிடுறேன். 2009 கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 5. எட்டாவது வரைக்கும் படிக்கிற பிள்ளை அரசு ஸ்கூலுக்கோ அரசு உதவி பெறும் ஸ்கூலுக்கோ மாறணும்னா பழைய ஸ்கூல் உடனே டிசி தரணும். டிசி வரலைங்கிற காரணத்துக்காக புது ஸ்கூல் அட்மிஷனை மறுக்கவும் கூடாது, இழுத்தடிக்கவும் கூடாது. 2024 ஜூலைல சென்னை உயர் நீதிமன்றமும் டிசிங்கிறது பீஸ் வசூல் பண்ற கருவி இல்லைன்னு தெளிவா சொல்லிடுச்சு, பாக்கி இருக்குன்னு டிசில எழுதவும் கூடாதுன்னு சொல்லுச்சு. பாக்கி இருந்தா ஸ்கூல் அதுக்குன்னு இருக்கிற சட்ட வழில கேட்டுக்கட்டும், பிள்ளை பேப்பரை பிடிச்சு வச்சு இல்ல.

இதுல ஒரு ஓட்டை இருக்கு. பிரிவு 5 சொல்றது அரசு, உதவி பெறும் ஸ்கூலுக்கு மாறுறதைத்தான். ஒரு பிரைவேட்லேருந்து இன்னொரு பிரைவேட்டுக்குப் போறவங்க இந்தப் பிரிவைக் காட்டினா அந்த கரஸ்பாண்டன்ட் சிரிச்சுட்டு அனுப்பிடுவாரு. நீங்க ஹைகோர்ட் சொன்னதைத்தான் பிடிச்சுக்கணும்.

இன்னொன்னு, யூகேஜி முடிச்ச பிள்ளைக்கு டிசி வேணும்னு அலையுறவங்களையும் பாக்குறேன். அரசு ஸ்கூல்ல ஒண்ணாவது சேர்க்க டிசியே தேவையில்ல, வயசு போதும், பர்த் சர்டிபிகேட் எடுத்துட்டுப் போங்க. அது கூட இல்லைன்னாலும் வயசுச் சான்று இல்லைன்னு அட்மிஷனை மறுக்கக் கூடாதுன்னு பிரிவு 14 இருக்கு.

சரி, அரசு ஸ்கூலுக்குப் போறீங்க, அங்க என்ன நடக்கும்? பெரும்பாலான ஹெச்.எம். நல்லவங்கதான், பிள்ளை எண்ணிக்கை வேணும்னு அவங்களுக்கும் ஆசை இருக்கு, ஆனா ஆபீஸ்ல கேள்வி வருமேன்னு பயம். அதனால "பிள்ளை வந்து உக்காரட்டும்மா, டிசி வந்ததும் பேர் எழுதிக்கலாம்"னு சொல்லுவாங்க. கேக்க நல்லா இருக்கும். இதுதான் பெரிய கண்ணி. எங்க தெருவுல தையல் வேலை பாக்குற ஒரு அக்கா இதை நம்பி அனுப்பிட்டு இருந்தாங்க. பையன் தினமும் போறான், வர்றான், ஆனா அட்டெண்டன்ஸ்ல பேர் இல்ல, புக்கு பக்கத்துப் பையனோடது, யூனிபார்ம் கொடுக்கிற அன்னைக்கு லிஸ்ட்ல இல்லைன்னு சொல்லி வெறுங்கையோட அனுப்பிட்டாங்க. அந்த ஸ்கூல் கணக்குப்படி அவன் அங்க படிக்கவே இல்ல. அதனால உக்கார வைக்கிறதை அட்மிஷன்னு நினைக்காதீங்க. சேர்க்கைப் பதிவேட்டுல பேர் ஏறி, சேர்க்கை எண் போட்டாதான் அட்மிஷன். அந்த நம்பரைக் கேட்டு குறிச்சு வச்சுக்கோங்க. ஹெச்.எம். தயங்கினா, பிரிவு 5 படி சேர்க்கக் கேக்குறேன், டிசி பழைய ஸ்கூல் தரலைன்னு ஒரு வெள்ளைத் தாள்ல எழுதிக் கொடுங்க, அவருக்கும் கைல ஒரு பேப்பர் இருந்தா தைரியம் வரும். எந்த வகுப்புன்னு கேட்டா வயசுக்கேத்த வகுப்பு, ஒரு வருசம் கீழ போடுறதுக்கு ஒத்துக்காதீங்க.

அடுத்தது எமிஸ், அதாவது ஸ்கூல் பிள்ளைங்க விவரமெல்லாம் ஏத்தி வச்சிருக்கிற அரசோட ஆன்லைன் பதிவு. பேப்பர் டிசி கைல வந்தாலும் பழைய ஸ்கூல் எமிஸ்ல பிள்ளையை காமன் பூலுக்கு, அதாவது ஸ்கூல் மாறுற பிள்ளைங்களோட பொதுப் பட்டியலுக்கு, விடலைன்னா புது ஸ்கூல் எமிஸ்ல தன் கணக்குக்கு எடுக்க முடியாது. டிசியைக் கொடுத்துட்டு இதை மட்டும் அமுக்கி வைக்கிற ஸ்கூலும் இருக்கு, கேட்டா "சர்வர் பிராப்ளம் சார்"னு ஒரே பதில், என்னமோ அந்த சர்வர் பீஸ் கட்டினவங்களுக்கு மட்டும் வேலை செய்யுது. அதனால கேக்குற லெட்டர்லயே டிசியும் தரணும், எமிஸ்ல ரிலீசும் பண்ணணும்னு ரெண்டையும் எழுதுங்க. வாய்ல கேட்டதுக்கு மதிப்பே இல்ல. லெட்டரை வாங்க மாட்டேன்னா ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிட்டு ரசீதை வச்சுக்கோங்க, டெலிவரி ஆனதை போன்ல ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கோங்க.

எங்க புகார் கொடுக்கிறதுங்கிறதுலதான் பாதிப் பேர் சுத்தி விடப்படுறாங்க. டிசி தராத பிரைவேட் ஸ்கூல் மேல புகார்னா மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்). சேர்த்துக்காத யூனியன் ஸ்கூல் மேலன்னா வட்டாரக் கல்வி அலுவலர், அதாவது பிஇஓ. ரெண்டையும் ஒரே மனுல எழுதினா ரெண்டு பேருமே இது அவங்களோடதுன்னு கை காட்டிடுவாங்க, தனித்தனியா எழுதுங்க. நகல்ல தேதியும் சீலும் வாங்காம ஆபீஸை விட்டு வெளிய வராதீங்க, "வச்சுட்டுப் போங்க"ன்னா அது எங்கயும் போகாது. அசையலைன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள் மனு, அதுக்கு நம்பர் போட்டுத் தருவாங்க. போன்ல கேக்கணும்னா பள்ளிக்கல்வித் துறை 14417, முதல்வர் உதவி மையம் 1100.

பாக்கி விஷயத்துல ஒண்ணு சொல்லணும். நிஜமாவே கட்ட வேண்டியது இருந்தா அது கடன்தான், இல்லைன்னு சொல்ல வரல. ஆனா கேக்குற தொகை எதுக்குன்னு பாருங்க. பாதில போற பிள்ளைக்கு அடுத்த டேர்ம் பீஸும் சேர்த்துக் கேப்பாங்க, கட்டணக் கமிட்டி நிர்ணயிச்சதுக்கு மேல கேப்பாங்க. பில் போட்டுத் தரச் சொல்லுங்க, பல இடத்துல தொகை அங்கயே இறங்கும். வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வேண்டவே வேண்டாம். ஒரிஜினல் பர்த் சர்டிபிகேட், ஜாதிச் சான்று கொடுத்திருந்தா டிசியோட சேர்த்து திருப்பிக் கேளுங்க.

டிசி கைக்கு வந்ததும் அங்கயே நின்னு படிங்க. பேர் ஸ்பெல்லிங், இனிஷியல், பிறந்த தேதி, முடிச்ச வகுப்பு. இன்னைக்கு இருக்கிற ஒரு எழுத்துப் பிழை பத்தாவது சர்டிபிகேட் வரைக்கும் போகும், அப்ப திருத்துறது பெரிய தலைவலி.

இப்ப அஞ்சாவது முடிச்ச பிள்ளை வீட்ல இருந்தா இன்னும் உஷாரா இருங்க. மெடிக்கல், இன்ஜினியரிங்ல அரசு ஸ்கூல் பிள்ளைங்களுக்கு இருக்கிற 7.5% இடஒதுக்கீட்டுக்கு ஆறாவதுலேருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசு ஸ்கூல்ல படிச்சிருக்கணும். டிசி வரட்டும்னு காத்திருந்து ஆறாவதை பிரைவேட்லயே ஓட்டிட்டா அந்தக் கணக்கு அங்கயே உடைஞ்சுடும். அதனால ஜூன்லயே போய் சேர்க்கைப் பதிவேட்டுல பேரை ஏத்திடுங்க.