சாலிடாரிட்டி: ஒருமைப்பாடா, துணைநிற்பா?

போன மாதம் ஒரு துண்டறிக்கையைத் திருத்தித் தரச் சொல்லி நண்பர்கள் அனுப்பியிருந்தார்கள். தான்சானியாவின் வடக்கே மாடு மேய்த்து வாழும் மாசாய் மக்களை அவர்களுடைய மூதாதையர் நிலத்திலிருந்து துரத்துவதைக் கண்டிக்கும் அறிக்கை. தலைப்பில் கொட்டை எழுத்தில் ‘மாசாய் மக்களுடன் சர்வதேச ஒருமைப்பாடு’ என்று இருந்தது. பிறர் போராட்டத்தில் அவர்களோடு நிற்பதைக் குறிக்கும் சாலிடாரிட்டி என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்தாலே நம்மவர்கள் கை தானாக ஒருமைப்பாடு என்று எழுதிவிடுகிறது. கூட்ட அழைப்பிதழ், பதாகை, கட்டுரைத் தலைப்பு, எங்கும் இதுதான். பல வருடமாகப் பார்த்தும் பேசாமல் இருந்திருக்கிறேன். மாசாய் மக்களின் விஷயத்தில் இந்தச் சொல் அவர்களுடைய எதிரியின் பக்கம் போய் நிற்கிறது என்பதால் இந்த முறை எழுதிவிடுகிறேன்.

முதலில் சொல்லின் பிறப்பு. லத்தீனில் சாலிடுஸ் என்றால் கெட்டியானது, முழுமையானது. ரோமானியச் சட்டத்தில் ‘இன் சாலிடும்’ என்று ஒரு கடன் முறை உண்டு. பலர் சேர்ந்து ஒரு கடன் வாங்கினால் ஒவ்வொருவரும் தன் பங்குக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் பொறுப்பு. அது பிரெஞ்சுச் சட்ட மொழிக்குப் போய் ‘சாலிடாரித்தே’ ஆனது. 19ஆம் நூற்றாண்டில் தொழிலாளர் இயக்கங்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டன. 1980இல் போலந்தின் க்டான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் பிறந்த தொழிற்சங்கம் அதையே தன் பெயராக வைத்துக்கொண்ட பிறகு உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

நமக்கு இது புரியாத சங்கதி அல்ல. மகளிர் குழுக் கடனில் ஒருத்தி தவணை கட்ட முடியாமல் போனால் மற்றவர்கள் சேர்ந்து கட்டுகிறார்களே, அதேதான். அவள் கடன் அவளுடையதுதான். ஆனாலும் அதை என் தலையிலும் ஏற்றிக்கொள்கிறேன். நானும் அவளும் ஒரே ஆளாகிவிடுவதில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் என் வழக்கே இருக்கிறது.

ஒருமைப்பாடு என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ஒருமை, ஒன்றாயிருக்கும் தன்மை. இலக்கணத்தில் பன்மைக்கு எதிர். பாடு, படு என்ற வினையிலிருந்து முதனிலை திரிந்து வந்த தொழிற்பெயர். ஆக ஒருமைப்பாடு என்றால் பல ஒன்றாகிப்போதல். இந்தியாவில் இந்தச் சொல்லின் சொந்த வீடு தேசிய ஒருமைப்பாடு. 1961இல் தேசிய ஒருமைப்பாட்டு மன்றம் வந்தது. நவம்பர் 19 தேசிய ஒருமைப்பாட்டு நாள். பள்ளியிலும் அலுவலகத்திலும் வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்தவர்களுக்கு இந்தச் சொல்லைக் கேட்டதும் அரசாங்கத்தின் குரல்தான் நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் அது இன்டெக்ரேஷன், சாலிடாரிட்டி அல்ல. இரண்டு வேறு பொருளுக்கு ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டு, வாசகர் பிரித்துப் புரிந்துகொள்வார் என்று விட்டுவிட்டோம்.

இப்போது தான்சானியாவுக்குப் போவோம். அந்த நாட்டின் குறிக்கோள் வாசகம் ‘உஹுரு நா உமோஜா’, விடுதலையும் ஒருமையும். அந்த நாட்டின் மொழியான சுவாஹிலியில் மோஜா என்றால் ஒன்று. உமோஜா, ஒன்றாயிருத்தல். நம் ஒருமையைப் போலவே கட்டப்பட்ட சொல். அந்த உமோஜாவில் மாசாய் மக்களின் தனி உரிமைக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. 2007இல் ஐ.நா. பொதுச்சபை பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய பிரகடனத்தை 144 வாக்குகளோடு நிறைவேற்றியபோது தான்சானியாவும் ஆதரித்துத்தான் வாக்களித்தது. அதன் 10ஆம் பிரிவு பழங்குடி மக்களை அவர்கள் நிலத்திலிருந்து பலவந்தமாக அகற்றக் கூடாது என்கிறது. ஆனால் தன் நாட்டுக்குள் பழங்குடி மக்கள் என்று தனியாக யாரும் இருப்பதாக அந்த அரசு ஏற்பதில்லை. எல்லாரும் ஒன்று, எல்லாரும் தான்சானியர், ஆகவே தனிப் பாதுகாப்பு தேவையில்லை என்பது அங்கே நெடுங்காலமாகச் சொல்லப்படும் வாதம்.

அந்த ஒன்றுக்குள் அவர்களுக்கு நடந்தது என்ன? 1959இல் பிரிட்டிஷ் ஆட்சி செரங்கெட்டியைத் தேசியப் பூங்காவாக வைத்துக்கொண்டு மாசாய் மக்களை அங்கிருந்து வெளியே அனுப்பியது. பக்கத்தில் இங்கோரோங்கோரோவில் வாழலாம் என்று வாக்குக் கொடுத்தது. செரங்கெட்டி என்ற பெயரே மாசாய் மொழிச் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள், முடிவில்லாமல் விரியும் நிலம் என்று பொருள். பெயர் பூங்காவிடம் தங்கிவிட்டது, மக்கள் வெளியே. பூங்காவை ஒட்டிய லோலியோண்டோவில் 1990களின் தொடக்கத்திலிருந்து ஐக்கிய அரபு அமீரகத்தோடு தொடர்புடைய ஒரு வேட்டை நிறுவனத்துக்கு உரிமம் இருக்கிறது. அங்கே 2009இலும் 2017இலும் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. 2022 ஜூனில் 1,500 சதுர கிலோமீட்டர் மேய்ச்சல் நிலத்துக்குக் கல் நட்டு எல்லை போட ஆயுதப் படையினர் வந்து இறங்கினார்கள். மக்கள் தடுத்தார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் காயம்பட்டார்கள். ஒரு காவலரும் இறந்தார். காயத்தோடு எல்லை தாண்டி கென்யாவுக்கு ஓடியவர்கள் நிறையப் பேர்.

இப்படி ஒருமையின் பெயரால் நிலம் பறிபோனவர்களிடம் போய் ‘உங்களோடு எங்கள் ஒருமைப்பாடு’ என்று சொல்வதா? துரத்துகிறவர் கையில் இருக்கும் சொல்லையே நாமும் எடுத்துக்கொண்டு போகிறோம்.

சுவாஹிலிக்காரர்கள் இந்தக் குழப்பத்தில் விழவில்லை. ஒருமைக்கு உமோஜா. சாலிடாரிட்டிக்கு ம்ஷிகமானோ என்று வேறு சொல். ஷிகா என்றால் பிடி, பற்றிக்கொள். ஷிகமானா, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நில். பிடிப்பதற்கு இரண்டு கை வேண்டும், அவை இரண்டு ஆட்களுடைய கைகளாக இருக்க வேண்டும். அதை அந்தச் சொல் மறக்கவில்லை.

இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர் வள்ளலாரை முன்னால் நிறுத்தினார். ஆன்மநேய ஒருமைப்பாடு என்று அவர் சொல்லவில்லையா, வாடிய பயிரைக் கண்டு வாடியவருக்கு இல்லாத சாலிடாரிட்டியா என்று கேட்டார். நியாயமான கேள்விதான், இரண்டு நாள் யோசித்தேன். வள்ளலார் சொன்னது எல்லா உயிருக்குள்ளும் ஒரே இயல்பு விளங்குகிறது என்ற உணர்வு. அந்தத் தளத்தில் ஒருமை சரியான சொல், அதை மாற்ற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்தத் தொடரில் ஈரம் இருப்பது நேயம் என்ற சொல்லில். நாம் நேயத்தை விட்டுவிட்டு ஒருமைப்பாட்டை மட்டும் எடுத்து வந்தோம். அதன்மேல் அறுபது வருட அரசு முத்திரையும் விழுந்துவிட்டது.

இடதுசாரித் தோழர்கள் இன்னொரு வாதம் வைப்பார்கள். தொழிலாளி வர்க்க ஒருமைப்பாடு என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோமே என்பார்கள். அங்கே அது பொருந்துகிறது, மறுக்கவில்லை. ஓர் ஆலைத் தொழிலாளியும் இன்னோர் ஆலைத் தொழிலாளியும் ஒரே வர்க்கம், ஒரே எதிரி, ஒரே கோரிக்கை. ஒன்றாவதற்கு அடிப்படை இருக்கிறது. மாடு மேய்க்கும் ஒரு மாசாய்ப் பெண்ணுக்கும் வியன்னாவிலோ மதுரையிலோ இருந்துகொண்டு மனுவில் கையெழுத்துப் போடுகிறவருக்கும் அப்படி என்ன பொது? நிலம் பொது இல்லை, ஆபத்து பொது இல்லை. கையெழுத்துப் போட்டவர் அன்று ராத்திரி தன் வீட்டில் தூங்குவார். அந்த வேறுபாட்டை மறைக்கும் சொல் எனக்கு வேண்டாம்.

சரி, வேறு என்ன சொல்லலாம்? ஆதரவு எல்லாருக்கும் தெரிந்த சொல், ஆனால் இன்று தந்து நாளை விலக்கிக்கொள்ளக்கூடியது. கடனைத் தலையில் ஏற்றிக்கொள்ளும் கனம் அதில் இல்லை. அனுதாபம் தூரத்திலிருந்து பார்ப்பது. ஒற்றுமை என்றால் மறுபடி ஒன்று. தோழமை அழகான சொல், எனக்குப் பிடித்தது. ஆனால் தோழமைக் கட்சி என்று தேர்தல் கூட்டணிக்கு அதை நிறையவே செலவழித்துவிட்டார்கள். அப்புறம், தோழமை ஓர் உறவின் பெயர், செயலின் பெயரல்ல. நமக்கு வேண்டியது செயலைச் சொல்லும் பெயர்.

நான் முன்வைப்பது துணைநிற்றல். பெயர்ச்சொல்லாக வேண்டுமானால் துணைநிற்பு.

துணை என்ற சொல்லை நாம் இரண்டு விதமாக ஆள்கிறோம். வழித்துணை, வாழ்க்கைத்துணை என்று சொல்லும்போது கூட வருகிறவர். துணைவேந்தர், துணை ஆட்சியர் என்று சொல்லும்போது இரண்டாவதாக நிற்பவர். இரண்டு பொருளுமே இங்கே தேவைப்படுகின்றன. கூட இருக்க வேண்டும், அதே நேரம் முதலிடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. திருக்குறளில் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என்று அதிகாரமே இருக்கிறதே, அங்கே துணை பெரியவர் அல்லவா என்று கேட்கலாம். அங்கேயும் ஆட்சி செய்பவன் அரசன்தான். துணை எவ்வளவு பெரியதானாலும் முடிவு எடுப்பது அதன் வேலை இல்லை.

லோலியோண்டோ விஷயத்தில் நடந்ததும் இந்த வரிசையில்தான். 2017இல் கிழக்கு ஆப்பிரிக்க நீதிமன்றத்துக்குப் போனவை ஒலோலோசொக்வான், ஒலோய்ரியன், கிர்தாலோ, அராஷ் என்ற நான்கு ஊர்கள். வெளிநாட்டு அமைப்பு எதுவும் அவர்களுக்குப் பதிலாக வாதியாகவில்லை. 2022 செப்டம்பரில் வழக்கு தள்ளுபடியானது. மேல்முறையீட்டுக்குப் போனவையும் அதே ஊர்கள்தான், 2023 நவம்பரில் அந்தத் தீர்ப்பு ரத்தாகி வழக்கு மறுவிசாரணைக்குத் திரும்பியது. அதற்கு முன்பே இணையத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு ஒன்று இருந்தது. 2014 நவம்பரில் அன்றைய அதிபர் கிக்வெத்தே, மாசாய் மக்களை வெளியேற்றும் திட்டம் இல்லவே இல்லை என்று ட்விட்டரில் எழுத வேண்டி வந்தது. 2023இல் மாசாய்ப் பிரதிநிதிகளே ஐரோப்பாவுக்குப் போய்ப் பேசினார்கள். 2024 ஆகஸ்டில் இங்கோரோங்கோரோ சாலையை மறித்து ஆயிரக்கணக்கானோர் நின்றார்கள், பலர் கையில் புல். மாசாய் வழக்கில் புல்லை ஏந்துவது சமாதானத்தைக் கேட்பது. முன்னே நின்றவர்கள் அவர்கள், பின்னே நின்றவர்கள் உலகெங்கும் உள்ள மற்றவர்கள். துணைநிற்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

துணைநிலை என்று சொல்லலாமே, இன்னும் சுருக்கமாக இருக்குமே என்று ஒரு தம்பி கேட்டான். துணைநிலை ஆளுநர் அந்த இடத்தைப் பிடித்துவிட்டார், வேண்டாம். துணைநிற்பு முதலில் காதுக்குப் புதிதாகத்தான் இருக்கும். ‘துணைநிற்போம்’ என்று வினையாக எழுதிப் பழகுங்கள், பெயர்ச்சொல் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பாதிச் சிக்கல் நாம் எல்லாவற்றையும் பெயர்ச்சொல்லாக எழுதுவதால் வருவது. ‘ஒருமைப்பாட்டை வெளிப்படுத்துகிறோம்’ என்ற வாக்கியத்தை எந்தப் பாட்டியிடம் சொன்னாலும் முழிப்பார். ‘அவங்களுக்குத் துணையா நிக்கிறோம்’ என்றால் எதுக்கு, என்ன ஆச்சு என்று கேட்பார்.

அதே துண்டறிக்கையில் இன்னொரு சொல்லும் என்னைத் தூங்கவிடவில்லை. உள்ளே ஐந்து இடத்தில் ‘மாசாய் மக்களின் இடப்பெயர்வு’ என்று இருந்தது. மலையாடு புல் தேடி இடம்பெயரும். பறவை குளிர்காலத்தில் இடம்பெயரும். மாசாய் மக்களே கோடையில் ஓரிடம், மழையில் ஓரிடம் என்று மாட்டோடு இடம்பெயர்கிறவர்கள், அது அவர்கள் வாழ்க்கை. துப்பாக்கியோடு வந்து துரத்துவதற்கும் அதே சொல்லா?

தமிழில் இதற்குத் தன்வினை, பிறவினை என்று தெளிவான வேறுபாடு இருக்கிறது. பெயர்ந்தார்கள், தாமாக. பெயர்த்தார்கள், பிறர் செய்தது. அகன்றார்கள், அகற்றினார்கள். வெளியேறினார்கள், வெளியேற்றினார்கள். ஓரிரு எழுத்தில் குற்றவாளி யார் என்று சொல்லிவிடும் மொழி இது. சுவாஹிலியிலும் அப்படியே. குஹாமா என்றால் தானாக இடம் மாறுவது, குஹாமிஷா என்றால் மாறச் செய்வது. இங்கோரோங்கோரோவிலிருந்து 600 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ம்சொமெராவுக்கு மக்களை அனுப்பும் திட்டத்துக்கு அரசு வைத்த பெயர் ‘குஹாமா க்வா ஹியாரி’, விருப்பத்தோடு இடம் மாறுதல். பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவத்துக்கும் வரவேண்டிய பணத்தை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டு, அதன்பின் போகிறவர்களின் போக்குக்கு விருப்பம் என்று பெயர். அங்கே அரசு வேண்டுமென்றே தன்வினையைத் தேர்ந்தெடுக்கிறது. நாம் இங்கே கவனமில்லாமல் அதே தன்வினையை எழுதிக் கொடுக்கிறோம். விளைவு ஒன்றுதான்.

ஆகவே வெளியேற்றுதல் என்று எழுதுங்கள். இடத்தையும் சொல்ல வேண்டுமானால் இடம்பெயர்ப்பு என்று எழுதுங்கள். வழக்கில் இல்லாத சொல் என்று யாராவது சொன்னால், மொழிபெயர்ப்பு என்பதைக் காட்டுங்கள். மொழி தானாகப் பெயர்வதில்லை, ஒருவர் உட்கார்ந்து பெயர்க்கிறார் என்று தெரிந்துதான் அந்தத் தொழிலுக்கு மொழிபெயர்வு என்று நாம் பெயர் வைக்கவில்லை. தங்கள் தொழிலின் பெயரிலேயே இந்த வேறுபாட்டைச் சுமந்துகொண்டிருப்பவர்கள், அடுத்தவர் வீடு எரியும்போது அதை மறந்துவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

துண்டறிக்கையின் தலைப்பை நண்பர்கள் மாற்றிவிட்டார்கள். ‘வெளியேற்றப்படும் மாசாய் மக்களுக்குத் துணைநிற்போம்’ என்று அச்சுக்குப் போயிருக்கிறது. உள்ளே இருந்த ஐந்து இடப்பெயர்வுகளில் மூன்று திருந்தியிருக்கின்றன. மற்ற இரண்டும் எந்தப் பத்தியில் இருக்கின்றன என்று குறித்து இன்று காலை மறுபடி அனுப்பியிருக்கிறேன்.