பராரி: ஓடியவனும் ஒன்றுமில்லாதவனும்

ஓசூர் பேருந்து நிலையத்துப் பத்திரிகைக் கடையில் தமிழ், கன்னட, தெலுங்கு நாளிதழ்கள் அடுத்தடுத்துத் தொங்கும். கொலை வழக்குக் கைதி ஒருவர் காவலர்களை ஏய்த்துவிட்டு ஓடினால், மறுநாள் கன்னட இதழிலும் தெலுங்கு இதழிலும் ‘பராரி’ என்ற சொல் தலைப்பேறும். தமிழ் இதழில் ‘தப்பியோட்டம்’ என்றிருக்கும். மூன்றையும் படிக்கத் தெரிந்த ஓசூர்க்காரருக்கு இது சற்று வேடிக்கையாகவே தோன்றும், ஏனென்றால் அவர் பேசும் தமிழில் பராரி என்பது கையில் காசும் தலைக்கு மேல் கூரையும் இல்லாத ஏழையைக் குறிக்கும். வீடு தங்காத பிள்ளையைத் தாய் ‘ஏன்டா பராரி மாதிரி திரியற’ என்று கடிவது இந்தப் பொருளில்தான்.

மூன்று மொழியிலும் சொல் ஒன்றே. அரபியில் ‘ஃபிரார்’ என்றால் ஓட்டம், தப்புதல். அதிலிருந்து வந்த ‘ஃபராரி’ என்ற சொல், ஓடிப்போனவன் என்ற பொருளோடு பாரசீகம், உருது வழியாகத் தெற்கே வந்தது. ஃபஸ்லி பசலியானதைப் போல இதிலும் முதலெழுத்து பகரமாயிற்று. சங்கப் பாடல்களில் வரும் ‘பராரை’ பருத்த அடிமரத்தைக் குறிக்கும் தனித் தமிழ்ச்சொல். ஒலி ஒத்திருப்பதைக் கொண்டு இரண்டையும் முடிச்சுப் போடுவது தவறு.

ஓடியவன் எப்படி ஏழையானான்? விடை வருவாய்த்துறைக் கணக்குகளில் இருக்கிறது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகள் அடங்கிய பாராமகால் 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்குப் போனது. கும்பினி அதிகாரிகளான அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து தீர்வை விதித்தார்கள். தாசில், ஜமாபந்தி, வசூல் என்று புழங்கிய அந்தக் கணக்குமொழியில், தீர்வை கட்ட முடியாமல் நிலத்தைப் போட்டுவிட்டு ஊரைவிட்டு ஓடிய குடியானவனும் பராரியே. அவனைத் தேடிய அதிகாரிக்கு அவன் ஓடியவன். அவன் போய்ச்சேர்ந்த ஊராருக்கோ பசியோடு வந்து நிற்கும் அநாதை. தமிழில் நிலைத்தது ஊராரின் பார்வை என்றே எனக்குப் படுகிறது. ‘பஞ்சைப் பராரி’ என்ற இணைச்சொல்லும் அதற்குத் துணை நிற்கிறது.

இலக்கணமும் மாறியிருக்கிறது. கன்னடத்தில் ஒருவர் பராரி ‘ஆகிறார்’, தெலுங்கில் பராரியில் ‘இருக்கிறார்’. தமிழிலோ பராரி என்பது ஆளையே குறிக்கும் பெயர்.

ஓடிப்போனவரைக் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை என்றாலும், இருக்கும் சொற்களை நாம் கலந்தடிக்கிறோம். குற்றஞ்சாட்டப்பட்டுப் பிடிபடாமல் ஒளிந்திருப்பவர் தலைமறைவானவர். நீதிமன்றம் ஆஜராகக் குறைந்தது 30 நாள் கொடுத்து அறிவிப்பு வெளியிடுவது இவருக்காகத்தான். பிடிபட்டபின் ஓடுபவர் தப்பியோடியவர். அந்த ஓட்டம், பழைய தண்டனைச் சட்டத்தின் 224-ஆம் பிரிவின்படி, 2 ஆண்டுவரை சிறைத்தண்டனை பெறக்கூடிய தனிக் குற்றம். இதிலும் காவலிலிருந்து தப்புவது வேறு, சிறையிலிருந்து தப்புவது வேறு. பல கொலை, பாலியல் வன்கொடுமை வழக்குகளில் சிக்கிய ஜெய்சங்கர் 2011 மார்ச்சில், கோவைச் சிறையிலிருந்து தருமபுரி நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டுத் திரும்பும் வழியில், சேலம் பேருந்து நிலையத்தில் காவலர்களிடமிருந்து நழுவினார். அது காவலிலிருந்து தப்பியது. கர்நாடகத்தில் மேலும் கொலைகள் செய்ததாக அவ்வாண்டு மே மாதம் பிடிபட்டவர், 2013 செப்டம்பர் தொடக்கத்தில் பெங்களூரு பரப்பன அக்ரகாரச் சிறையின் மதிலைத் தாண்டினார். சில நாட்களில் மீண்டும் அகப்பட்டார். சிறையிலிருந்து தப்பியது என்று இதைத்தான் சொல்ல வேண்டும். முதல் நிகழ்வையும் ‘சிறையிலிருந்து தப்பினார்’ என்று எழுதுவது பிழை.

கன்னடச் செய்தியைத் தமிழாக்குவோர் பராரிக்குத் ‘தப்பியோட்டம்’ என்றோ, இடம் பார்த்துத் ‘தலைமறைவு’ என்றோ எழுதலாம். சொல்லை அப்படியே எடுத்து ‘கைதி பராரியாகிவிட்டார்’ என்று போட்டால், மதில் ஏறிக் குதித்தவர் சொத்தெல்லாம் இழந்து தெருவுக்கு வந்துவிட்டதாகத் தருமபுரி வாசகர் படித்துக்கொள்வார்.